பொத்தானை அமுக்குமுன் கேட்பவர்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி வரைக்கும் எந்த வயலில் எந்தப் பம்புசெட் ஓடினாலும், அந்த மோட்டாரின் வயிற்றை ஒரு தடவையாவது திறந்து பார்த்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் எரிந்துபோன காயிலைச் சுரண்டி எடுக்கிற வேலையில் சேர்ந்தவன், இன்றைக்கு ரயிலடிப் பக்கம் சொந்தக் கட்டடத்தில் மேலும் கீழுமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் சொல்லிவிட்டுச் சொல்வார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட என்னை ஒரு அம்மாள் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, "நீங்க எங்க நிக்கிறீங்கன்னு வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே" என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டார். நானும் சொன்னேன். சொல்லாமல் அவரிடம் எந்தக் காரியமும் நடக்காது.

தஞ்சாவூர் சாலையில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் அவர் புரொபசர். பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; பட்டறையில் எல்லோருக்கும் அவர் புரொபசரம்மா. வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் படித்து, பெரிய வோல்ட் கரண்டைப் பற்றி மேலே படிக்க வடக்கே எங்கோ போய்விட்டு வந்திருந்தார். குள்ளமான உருவம். குரல் மட்டும் படகில் நின்று கரையைக் கூப்பிடுகிற குரல். மெதுவாகப் பேச வராது போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். மற்றவர்கள் மெதுவாகப் பேசினால்தான் அவருக்குப் பிடிக்காது என்பது பிறகு தெரிந்தது.

முதல் தடவை பட்டறைக்கு வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே குழந்தை வளையல் அளவில் கறுப்பு வளையங்கள். அவற்றில் மெல்லிய கம்பி சுற்றித் தரவேண்டும் என்றார். உங்களுக்கென்றால் தங்கக் கம்பியிலேயே சுற்றித் தருகிறேன் என்றேன். அதைக் காதில் வாங்காமல் உள்ளே எட்டிப் பார்த்து, யார் சுற்றப்போகிறார்கள் என்று கேட்டார். செல்வியைக் காட்டினேன். என் பட்டறையில் நுணுக்கமான வேலையெல்லாம் அவள் கையில்தான். அதிகம் பேசமாட்டாள்.

"நீங்கதானே கட்டப்போறீங்க? ஆகுமா ஆகாதான்னு நீங்க சொல்லுங்க" என்றார் அவளிடம்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளும் தலையாட்டினாள்.

"தலையாட்டினா எனக்குக் கேக்காதும்மா."

யாரோ லேத்தை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் செல்வி, "ஆகும்மா" என்றாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

அந்த வளையங்கள் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாம் போடுகிற ஸ்விட்ச் ஒரு ரகம். கரண்ட் ஆபீஸ் ஆட்கள் கம்பத்தில் இழுத்துவிடுகிற ஸ்விட்ச் இன்னொரு ரகம். அதைப் பிரிக்கும்போது நெருப்பு சீறும். புரொபசரம்மாவுக்கு வேண்டியது இரண்டும் இல்லை. கண் இமைக்கிற நேரத்தை ஆயிரம் கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறு நேரம் மட்டும், ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் திறந்து மூடவேண்டும். போடுவது யாராலும் ஆகும், நிறுத்துவதுதான் வித்தை என்பார். பட்டறையில் நாங்கள் அதற்கு வெட்டுக் கரண்ட் என்று பெயர் வைத்தோம். அவ்வளவு வோல்ட்டைத் தனியாகத் தாங்குகிற ஸ்விட்ச் யானை விலை. அதனால் கட்டைவிரல் அளவுள்ள சின்ன ஸ்விட்சுகளை வரிசையாகக் கோத்திருந்தார். ஒவ்வொன்றையும் தட்டி எழுப்ப ஒரு வளையம். எல்லா வளையத்துக்குள்ளும் ஒரே ஒயர் நுழைந்து போகும். சாமி பல்லக்கை இறக்கும்போது எல்லாத் தோளும் சேர்ந்து இறங்கவேண்டும் அல்லவா, ஒருவன் பிந்தினால் மொத்த பாரமும் அவன் தோளில் விழுமே, அதே கதைதான். ஒரு ஸ்விட்ச் பிந்தினால் அத்தனை வோல்ட்டும் அதன் தலையில்.

பிந்தத்தான் செய்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கும்போதே விவசாயி, கம்பியைக் குறைத்துக் கட்டிவிடாதே என்பான். கம்பி குறைத்தான் என்ற பேச்சு வந்தால் பட்டறையை மூடவேண்டியதுதான். அதனால் கணக்குக்கு மேலே கொசுறாக ஒன்றிரண்டு சுற்றுப் போடுவோம். பம்புசெட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. செல்வியும் அதே கையோடு, கம்பி மிஞ்சிய வளையங்களுக்கெல்லாம் கொசுறு போட்டுவிட்டாள். முதல் நாளே ஸ்விட்சுகள் சோளப்பொரி மாதிரி வெடித்தன. புரொபசரம்மா கருகியதையெல்லாம் அதே பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து செல்வியின் முன்னால் வைத்து, ஏன் என்று கேட்டார்.

"உங்களுக்குன்னு கொஞ்சம் கூடவே சுத்துனேம்மா" என்றாள் செல்வி.

புரொபசரம்மா சிரிக்க ஆரம்பித்தவர், நிற்கமுடியாமல் பக்கத்திலிருந்த மோட்டார் கூட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "தாராளத்தால செத்த சுவிட்ச் இந்த ஊர்லதாண்ணே இருக்கும்" என்றார் என்னிடம். பிறகு ஏன் எல்லா வளையமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று செல்விக்கு மட்டும் உட்கார்ந்து சொன்னார். அடுத்த தடவை செல்வி சுற்றிய வளையங்கள் ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகவில்லை. நான் சுற்றியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும், அது வேறு விஷயம்.

ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் விடுகிற காலத்தில் அவர் பட்டறைக்கு வருவது ஒரு வேடிக்கை. மேட்டூர் திறந்தாச்சா, கல்லணை தாண்டிடுச்சா, நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும் என்று குறுவைக்கு நாற்று விட்டவனை விடக் கவலையாகக் கேட்பார். மோட்டார் எடுக்க வந்திருந்த ஒரு விவசாயி, "அம்மாவுக்கு எத்தன மா நெலம்?" என்று கேட்டுவிட்டார். தனக்கு ஒரே ஒரு குழிதான் என்றார் இவர். காலேஜ் பின்னால் வாய்க்கால் கரையில், அந்த ஸ்விட்சுகளை வைத்த மிஷினுக்கு எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு வைத்திருந்தார். கோடையில் மண் வெடித்துவிட்டால் எர்த் சரியாக இறங்காது, மிஷினைத் தொடமாட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்து மண் நனைந்தபிறகுதான் அவருக்கு வேலை. நெல்லுக்குக் காத்திருக்கிற ஊரில் ஸ்விட்சுக்குக் காத்திருந்த ஒரே ஆள் அவர்தான். இப்போதும் தண்ணீர் விட்ட செய்தி வந்தால் என் கண் பட்டறை வாசலுக்குப் போகிறது.

அவருடைய லேபில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் மிஷின். பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் அறையில் இருக்கிற ஒவ்வொருவரையும் வரிசையாகக் கேட்பார். மாணவர்கள், டீ கொண்டுவந்த ஆள், என்னைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள், யாருக்கும் விலக்கு இல்லை. "நான் கோட்டுக்கு வெளிய, கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லவேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் ஏற்றிய கரண்டை எல்லாம் எர்த் கம்பால் தட்டி இறக்கிவிட்டு, முதலிலிருந்து கேட்க ஆரம்பிப்பார். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். டீக்கடையில்கூட நான் நாலு டீ என்று சொன்னால் நிறுத்திவிட்டு, நாலு பேரிடமும் தனித்தனியாக என்ன வேண்டும் என்று கேட்பார். டீ ஆறிப்போகிற மனுஷி என்று கடைக்காரர் முணுமுணுப்பார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். படித்த இடத்தில் கூடப் படித்த ஒருவன் தலையாட்டினான், இவர் சரி என்று எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. 

காலேஜ் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய மனிதர் வந்தார். காலேஜ் தாளாளர் அவரை லேபுக்குக் கூட்டிவந்து, போட்டோக்காரரையும் நிறுத்தி, மிஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். புரொபசரம்மா வழக்கம் போலக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது அந்தக் கட்டடமே கேட்கிற மாதிரி சொன்னேன். பெரிய மனிதர் முறை வந்தபோது அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். புரொபசரம்மா கரண்டை இறக்கிவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் சிரிப்பு. அவங்க பெரியவங்க, நீங்க அமுக்குங்க என்று தாளாளர் பல்லைக் கடித்தார். "சார் சொல்லட்டும் சார்" என்றார் இவர். சார் சொல்லவில்லை. கடைசியில் கேசரியும் காபியும் கொடுத்து அனுப்பினார்கள். மிஷின் ஓடவே இல்லை. அன்றிலிருந்து தாளாளருக்கு அந்த அறை மேல் ஒரு கண்.

மிஷின் நன்றாக ஓடி நான் பார்த்தது ஒரு பசுமாட்டுக்கு. மாட்டு டாக்டர் படிப்புக் காலேஜில் இருந்து ஒரு டாக்டர் இவரோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் தன் பசுவைக் கொண்டுவந்திருந்தாள். கண்ணோரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புற்றுக்கட்டி. டாக்டர் மாட்டை மயக்கத்தில் போட்டு, கட்டியில் மருந்து ஏற்றினார். புரொபசரம்மா ஊசி வைத்த பிடியைக் கட்டியில் பொருத்தினார். உடம்பு என்பது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்ன அறைகளாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தோல். சில மருந்து அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போகாது. வெட்டுக் கரண்ட் பட்டதும் தோலில் ஓட்டைகள் திறந்து மருந்து உள்ளே இறங்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். மதகுப் பலகையைத் தூக்கி, வயலுக்கு வேண்டிய தண்ணீர் போனதும் இறக்குகிற மாதிரி. கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் மதகே பெயர்ந்துவிடும். இந்த மதகு உதாரணம் நான் சொன்னது. அதை அவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாகக் கேள்வி.

மாட்டுக்காரம்மாவைக் கேட்டபோது, "நான் எம் மாட்டுப் பக்கத்துலதான் நிப்பேன்" என்றாள். புரொபசரம்மா வாதாடவில்லை. கரண்டை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மாட்டையும் கேட்பீர்களா என்று டாக்டர் கிண்டல் செய்தார்.

"அதுக்குப் பதிலாத்தான் இவங்களக் கேக்குறேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டுத் தானாகவே எழுந்து வந்து, கோட்டுக்கு வெளியே நிற்கிறேன் என்றாள். மாட்டின் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. அடுத்தடுத்துச் சில வெட்டு. முடிந்தது. சில வாரம் கழித்து நான் வேலையாகத் திருவையாறு போனபோது வழியில் இறங்கிப் பார்த்தேன். கட்டி கருகி உதிர்ந்து, கண் தெளிவாக இருந்தது. மாடு என்னை முறைத்தது.

அந்த மாட்டின் கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. என் சம்சாரத்துக்கு மார்பில் புற்று வந்து, ஆபரேஷன் செய்து, கதிர் வைத்து, ஆயிற்று என்று இருந்தோம். அந்தத் தழும்பின் மேலேயே குன்றிமணி போலக் கட்டிகள் கிளம்பின. பெரிதாயின, உடைந்தன, புண்ணாயின. இனி வலிக்கு மருந்து கொடுக்கலாம் என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்கிற ஆளா? திருச்சி, வேலூர், சென்னை என்று எந்த டாக்டரையும் விடவில்லை. போகிற இடமெல்லாம் நான் யார் என்று சொல்லி, இவள் உயிர் பிழைக்கவேண்டும் என்று கேட்டேன்.

புண்ணிலிருந்து ஒரு வாடை வந்தது. எத்தனை தடவை கழுவிக் கட்டினாலும் போகாத வாடை. அவள் தன் கட்டிலைத் தானே கொல்லைப்புற அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டாள். நாள் முழுக்க ஊதுபத்தி. ஆள் இல்லாமல் இருக்கத் தெரியாதவள் அவள். சாயங்காலமானால் தெருப் பெண்கள் பாதிப்பேர் எங்கள் கூடத்தில்தான் இருப்பார்கள். ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி டிவி பார்ப்பாள், ஒருத்தி மாமியாரைத் திட்டுவாள். அந்தக் கூடம் காலியாகிவிட்டது.

மறுநாள் காலை நேராகக் காலேஜுக்குப் போய்ப் புரொபசரம்மாவிடம் சொன்னேன், மாட்டுக்குச் செய்ததை என் சம்சாரத்துக்குச் செய்யவேண்டும் என்று.

"இது மனுஷங்களுக்குப் பண்ணுன மிஷின் இல்லண்ணே."

"வளையம் அத்தனையும் எம் பட்டறையில கட்டினது. எனக்கு நம்பிக்க இருக்கு."

"எனக்கு இல்லியே. ஒரு சுவிட்ச் பிந்துச்சுன்னா என்னாகும்னு நீங்களே பாத்தீங்க. இதயத்துக்கு இவ்வளவு கிட்ட ஊசி வைக்கணும். நான் அமுக்க மாட்டேன்."

காலேஜுக்குப் புதுக் கட்டடம் கட்டித் தருகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களின் பெயரையெல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா என்ன கேக்குறாங்க?" என்றார்.

"அவ என்ன கேப்பா? பொழைக்கணும்னுதான்."

"அவங்க வாயால சொன்னாங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்த அம்மாளுக்கு ஒரு சுற்றுக்கூடச் சுற்றக்கூடாது என்று செல்வியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த வளையத்தைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புரொபசரம்மா தானாக வீட்டுக்கு வந்தார். கையில் ஊரிலிருந்து வந்த கொடுவா மீன். நான் முகம் கொடுக்கவில்லை. அவர் மீனைச் சமையற்கட்டில் வைத்துவிட்டுக் கொல்லைப்புற அறைக்குப் போனார். வருகிறவர்கள் முந்தானையால் மூக்கை மூடுவார்கள், அல்லது மூடாமல் இருக்கப் பாடுபடுவார்கள். இவர் அப்படி எதுவும் செய்யவில்லை. மீன் காய்கிற கரையில் வளர்ந்தவள் நான், எனக்கு மூக்கே கிடையாது என்று சொல்லிக்கொண்டு கட்டிலில் அவள் இடுப்பை ஒட்டி உட்கார்ந்தார். என் சம்சாரம் நகரப் பார்த்தாள். நகர இடமில்லை.

"அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?"

"அவளுக்குக் குணமாகி எந்திரிக்கணும்" என்றேன் நான் வாசலில் நின்று.

புரொபசரம்மா என் பக்கம் திரும்பாமலேயே கையை உயர்த்தினார். பிறகு காத்திருந்தார். ஊதுபத்தி ஒன்று எரிந்து சாம்பல் விழுந்தது. லேபில் எப்படிக் காத்திருப்பாரோ அதே மாதிரி. அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை, பதில் வந்தால்தான் அடுத்த வேலை.

"இந்த வாடை போகணும் தங்கச்சி" என்றாள் என் சம்சாரம். "அது போதும். பொம்பளைங்க வருவாளுங்க, பக்கத்துல உக்காருவாளுங்க. இப்ப யாரும் உக்கார்றதில்ல. நானும் உக்காருன்னு சொல்றதில்ல."

"ஏன், உசுரு வேணாமா ஒனக்கு?" என்றேன்.

"அதத்தான் நீங்க எல்லா டாக்டர்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருக்கீங்களே. நான் இத ஒண்ணு கேட்டுக்கறேன்."

என்னோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள், என்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் ஒரு ஊதுபத்தி நேரத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு அந்த அம்மாள் மேல் பொறாமையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

புரொபசரம்மா எதையும் மறைக்காமல் சொன்னார். பம்பாயில் ஒரு ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கென்றே செய்த மிஷின் இருக்கிறது, அங்குள்ள டாக்டரைத் தனக்குத் தெரியும். மேலே இருக்கிற கட்டிகள் காயலாம், கசிவு நிற்கலாம், வாடை போகலாம். உள்ளே பரவியிருப்பதற்கு அது ஆகாது. போகும் என்று எழுதித் தர முடியாது. என் சம்சாரம், போவோம் என்றாள். தலையாட்டவில்லை.

காலேஜில் லீவு போட்டுவிட்டு அவரும் எங்களோடு வந்தார். ரயிலில் எதிர் சீட்டுக்காரர்கள் எழுந்துபோய் வேறு இடம் பிடித்தார்கள். நல்லதாப் போச்சுக்கா, கால நீட்டிக்கலாம் என்று அவர் அந்த சீட்டில் காலை நீட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டு வழியெல்லாம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மேல் பெர்த்தில் இருந்தேன்.

ஆஸ்பத்திரி மிஷின் நம்முடையதில் கால்வாசிகூட இல்லை. வெள்ளையாக, ஒரு சின்னப் பெட்டி. நம்முடையது பீரோ மாதிரி இருக்கும், பார்த்தால் ஒரு மரியாதை வரும். உள்ளே கொண்டுபோகுமுன் டாக்டர் இந்தியில் கேட்டதைப் புரொபசரம்மா தமிழில் சொன்னார். என் சம்சாரம் சத்தமாக, "எனக்குச் சம்மதம். நான் இங்கதான் படுத்திருக்கேன்" என்றாள். அர்த்தம் தெரியாமலே நர்சுகள் சிரித்தார்கள். கதவு மூடியபிறகு நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எத்தனையோ தடவை பொத்தானை அமுக்கியவர், இரண்டு கையையும் கோத்து மடியில் இறுக்கி வைத்திருந்தார்.

"அடுத்தவங்க அமுக்கும்போது பயமா இருக்குண்ணே" என்றார்.

திரும்பி வந்தபிறகு கட்டிகள் முதலில் இன்னும் மோசமாகக் கறுத்தன. உடனே புரொபசரம்மாவைக் கூப்பிட்டேன். அப்படித்தான் இருக்கும், கருகித்தான் உதிரும், பொறுங்கள் என்று போனில் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் காலேஜில் அந்த லேபை மூடினார்கள். அந்த இடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு வரப்போவதாகத் தாளாளர் சொன்னாராம். புரொபசரம்மாவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் வந்தார். கொல்லைப்புற அறையில் உட்கார்ந்து, வாடை எப்படி இருக்கிறது என்று கேட்டார். "கொறைஞ்சிருக்கு. போகல" என்றாள் என் சம்சாரம். அவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பட்டறைக்குப் போய்ச் செல்வியிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வெண்ணாற்றங்கரை வயல் ஒன்றில் மோட்டார் இறக்கும்போது என் போன் ஆற்றில் விழுந்தது. நம்பர் எல்லாம் போயிற்று. மகன் புது போனும் புது நம்பரும் வாங்கிக் கொடுத்தான். புரொபசரம்மா பழைய நம்பருக்குக் கூப்பிட்டிருக்கலாம். காலேஜில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. என் சம்சாரம் போனபிறகு, அவரைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் குறையும் என்று நினைத்தேன். கூடிக்கொண்டே போயிற்று. வீட்டில் பிள்ளைகள் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இது பிடிக்கும் என்று அவர்களே பேசி முடித்துவிடுவார்கள். தட்டில் வந்ததைச் சாப்பிடுகிறேன்.

போன மாதம் வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து ஆட்டோ பிடித்து, குப்பம் குப்பமாக விசாரித்து அவருடைய அண்ணனைக் கண்டுபிடித்தேன். வலையை உதறிக்கொண்டிருந்தவர், நான் யார் என்று சொன்னதும், "மோட்டாருக்காரரா? தங்கச்சி சொல்லும்" என்றார். என்ன சொல்லும் என்று கேட்டதற்குச் சிரித்தார். தங்கை குளிர் நாட்டில் இருக்கிறாளாம். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறவர்களுக்கு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அதே வெட்டுக் கரண்டால் சரிசெய்கிற மிஷின் செய்கிற கம்பெனியில் வேலையாம். வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வரமுடியாத அளவுக்கு வேலை என்று அலுத்துக்கொண்டார். பிறகு தன் போனில் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார்.

அதே கரைக்குக் கூப்பிடுகிற குரல். நான்தான் என்றேன். பட்டறை எப்படி, செல்வி எப்படி, தண்ணி வந்துச்சா என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"அக்கா?" என்றார்.

"போயிட்டாம்மா. போன தை மாசம்."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடை போயிருச்சும்மா" என்றேன். "நீங்க போன மறு மாசமே சுத்தமாப் போயிருச்சு. கட்டிலக் கூடத்துல போடச் சொல்லிட்டா. தெருவுல ஒருத்தி பாக்கியில்ல, எல்லாரும் வந்தாளுங்க. கடைசி நாள்கூட அவளச் சுத்தி ஒட்டி ஒட்டி உக்காந்திருந்தாளுங்க. செல்வி மடியிலதான் தல இருந்துச்சு. நான் போயி உக்காரப் பாத்தேம்மா. எனக்கு எடமே கெடைக்கல."